புது பேட்டரி வாங்கும் முன்... கோளாறு பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா?



கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று தொடங்கிய நம் குழுக்களில் இன்று சுமை வண்டி, வாடகை வேன், பயணிகள் ஆட்டோ என்று கடன் வாங்கி ஓட்டும் சகோதரிகளும் இருக்கிறார்கள். சிலர் தாங்களே ஓட்டுகிறார்கள். சிலருக்கு கணவரோ மகனோ ஓட்டுகிறார். யார் ஓட்டினாலும் தவணை கட்டுவது நாம்தான். எனவே வண்டியின் சங்கதி நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விடியற்காலை 4 மணிக்கு காய்கறி ஏற்றப் போக வேண்டிய வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்க்கிறார். "பேட்டரி போயிடுச்சும்மா, புதுசு போட்டாத்தான் ஆகும்" என்கிறார். நாமும் குழுவில் அவசரக் கடன் எடுத்து புது பேட்டரி போடுகிறோம். பத்து நாளில் அதுவும் படுத்து விடுகிறது! ஏன்? கோளாறு பேட்டரியில் இல்லை, அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரில். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் போய் நிற்கிறது. போன சவாரியும் திரும்ப வராது.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க ஒரே ஒரு பழக்கம் போதும். சோதித்துப் பார்க்காமல் பேட்டரியை மாற்றக் கூடாது. எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதில் சொல்லப்படுவது பெட்ரோல், டீசல், கேஸ் வண்டிகளுக்கு மட்டும். மின்சார ஆட்டோவின் பெரிய பேட்டரி வேறு வகை. அதை நாம் தொடவே வேண்டாம்.

இரண்டும் என்ன வேலை செய்கின்றன?

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தால்தான் குழாயில் வரும். ஆனால் தொட்டி தானாக நிரம்பாது, மோட்டார் ஓடி நிரப்ப வேண்டும். வண்டியில் பேட்டரிதான் தொட்டி. ஆல்டர்னேட்டர்தான் மோட்டார்.

சாவியைத் திருப்பியதும் பேட்டரியில் உள்ள மின்சாரம் செல்ஃப் மோட்டாரைச் சுற்றி இஞ்சினைக் கிளப்புகிறது. இஞ்சின் ஓட ஆரம்பித்ததும், பெல்ட் மூலமாக ஆல்டர்னேட்டரும் சுற்றுகிறது. அது உண்டாக்கும் மின்சாரம்தான் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் போகிறது. மீதி பேட்டரியில் ஏறி, ஸ்டார்ட் செய்யும்போது செலவானதை ஈடு கட்டுகிறது.

மெக்கானிக்குகள் பலர் இதை "டைனமோ" என்பார்கள். பழைய கார்களில் டைனமோதான் இருந்தது. 1960-களில் இருந்து அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. பொருள் மாறினாலும் பெயர் நிலைத்து விட்டது. எனவே கடையில் "டைனமோ வேலை" என்று சொன்னால் குழம்ப வேண்டாம்.

ஆல்டர்னேட்டருக்குள் கார்பன் பிரஷ், பேரிங், டயோடு, மின் அழுத்தத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் ஆகியவை இருக்கின்றன. ரெகுலேட்டரை "கட்-அவுட்" என்றும் சொல்வார்கள். இவற்றில் ஒன்று கெட்டாலும் சார்ஜ் ஏறாது, அல்லது அளவுக்கு மேல் ஏறும். பல நேரங்களில் கெட்டுப் போன பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். முழு ஆல்டர்னேட்டரும் வாங்க வேண்டிய தேவை இருக்காது.

வண்டியே சொல்லும் அறிகுறிகள்

பேட்டரியில் கோளாறு என்றால்:
- காலையில் செல்ஃப் "கர்... கர்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றும். தள்ளி ஸ்டார்ட் செய்தால் பகல் முழுக்க நன்றாக ஓடும். மறுநாள் காலையில் அதே கதை.
- பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருக்கும், அல்லது வெடிப்பு விட்டுக் கசியும்.
- போட்டு மூன்று, நான்கு வருடம் ஆகியிருக்கும். நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு அதற்கு மேல் ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

ஆல்டர்னேட்டரில் கோளாறு என்றால்:
- வண்டி ஓடும்போதே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். சாவியைத் திருப்பும்போது அது எரிவது சரி. இஞ்சின் கிளம்பியதும் அணைந்து விட வேண்டும்.
- இரவில் ஓட்டும்போது முன் விளக்கு வர வர மங்கும், ஹாரன் சத்தம் குறையும்.
- பெல்ட் "கீச்" என்று கத்தும், அல்லது ஆல்டர்னேட்டர் பக்கம் உறுமல் சத்தம் வரும். உறுமல் என்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.
- புது பேட்டரியும் சீக்கிரம் இறங்கிப் போகும்.

சார்ஜ் அளவுக்கு மேல் ஏறினால்:
- பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும், பேட்டரித் தண்ணீர் வேகமாகக் குறையும், அழுகிய முட்டை நாற்றம் வரும். இதுவும் ரெகுலேட்டர் கோளாறுதான். கவனிக்காமல் விட்டால் நல்ல பேட்டரியும் வெந்து கெட்டுப் போகும்.

வயர் அல்லது டெர்மினல் கோளாறு என்றால்:
- சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இருக்காது, டேஷ்போர்டு விளக்கும் எரியாது. அல்லது "டிக் டிக்" என்று மட்டும் கேட்கும். முதலில் பேட்டரி முனையில் மாட்டியிருக்கும் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால் அங்கேதான் கோளாறு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் மின்சாரம் சரியாகப் போகாது. ஒரு பைசா செலவில்லாமல் சரியாகிற கோளாறு இது.

மீட்டர் பொய் சொல்லாது

அறிகுறியை வைத்து ஊகிக்கத்தான் முடியும். உறுதி செய்ய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் சாதாரண மீட்டர் கிடைக்கும். ஊராட்சிக் கூட்டமைப்பில் ஒன்று வாங்கி வைத்தால் வண்டி வைத்திருக்கும் எல்லாக் குழுக்களும் பயன்படுத்தலாம்.

மீட்டரின் குமிழை டிசி வோல்ட் பகுதியில் 20 என்ற இடத்தில் வையுங்கள். சிவப்புக் கம்பியை பேட்டரியின் கூட்டல் குறி உள்ள முனையிலும், கறுப்புக் கம்பியை கழித்தல் குறி உள்ள முனையிலும் வையுங்கள். திரையில் எண் தெரியும். மூன்று தடவை பார்க்க வேண்டும்.

முதல் சோதனை: காலையில், வண்டியைக் கிளப்பும் முன்பு. விளக்கு, டேப் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.
- 12.6 வோல்ட் அல்லது சற்று மேல்: பேட்டரி நிறைந்திருக்கிறது.
- 12.4: சுமார் முக்கால் அளவு.
- 12.2: பாதி அளவு.
- 12-க்குக் கீழ்: ஏறக்குறைய காலி. முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும்.
- முழுக்க சார்ஜ் ஏற்றியும் 10.5 பக்கத்திலேயே நின்றால்: உள்ளே ஒரு செல் செத்துப் போயிருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஒன்று போனால் கணக்கு இப்படித்தான் குறையும்.

இரண்டாவது சோதனை: செல்ஃப் எடுக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சார்ஜ் உள்ள நல்ல பேட்டரி என்றால் அந்த நேரத்தில் எண் 10 பக்கம் வரை இறங்கும். 9.6-க்கும் கீழே சரிந்தால் பேட்டரிக்கு தெம்பு இல்லை என்று அர்த்தம். எண் 12-லேயே நின்று, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். வயரையோ செல்ஃப் மோட்டாரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது சோதனை: இஞ்சின் ஓடும்போது. லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, முன் விளக்கையும் போட்டுப் பாருங்கள்.
- 13.8 முதல் 14.5 வரை: ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் ஏற்றுகிறது.
- 12 சொச்சத்தில் நின்று மேலும் இறங்கிக் கொண்டே போனால்: சார்ஜ் ஏறவில்லை. பெல்ட், வயர், ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு.
- 15-க்கு மேல்: ரெகுலேட்டர் கோளாறு.

கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகள் சிலவற்றில் இந்த எண் வேண்டுமென்றே சற்று ஏறி இறங்கும். அதனால்தான் முன் விளக்கைப் போட்டு இரண்டு, மூன்று நிமிடம் பார்க்கச் சொல்கிறோம்.

மூன்று எண்களையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். "அண்ணே, ஓடும்போது 12.3-தான் காட்டுது, சார்ஜ் ஏறல" என்று நாம் எண்ணோடு பேசினால், மெக்கானிக்கும் சரியான இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்.

எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது?

பேட்டரி இறங்கியிருக்கிறது, ஆனால் ஓடும்போது 14 வோல்ட் வருகிறது என்றால் உடனே புதுசு வாங்க வேண்டாம். பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாக முழு சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும். பிறகு ஒவ்வொரு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் பேட்டரி இன்னும் உழைக்கும். ஒன்று மட்டும் 50 புள்ளிக்கு மேல் குறைந்தால், உதாரணமாக மற்றவை 1250 காட்டும்போது அது 1180 காட்டினால், அந்த செல் போய்விட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும். மூடி இல்லாத சீல் பேட்டரியில் இதைப் பார்க்க முடியாது. அதற்கு கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள்.

பேட்டரியும் நல்லது, ஆல்டர்னேட்டரும் நல்லது, ஆனாலும் இரவில் இறங்குகிறது என்றால் எங்கோ மின்சாரம் திருட்டுப் போகிறது! பிறகு மாட்டிய ஸ்பீக்கர், அலங்கார விளக்கு, அணையாத உள் விளக்கு என்று ஏதாவது இருக்கும். ஓர் இரவு பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றி வைத்துப் பாருங்கள். காலையில் மாட்டியதும் செல்ஃப் ஜம்மென்று எடுத்தால், வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால், முதலில் பெல்ட்டைப் பாருங்கள். இஞ்சினை நிறுத்தி சாவியை எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். சாதாரண பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். தொள தொள என்றிருந்தால் இறுக்க வேண்டும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்ற வேண்டும். அடுத்து ஆல்டர்னேட்டரின் பின்பக்க வயர்கள், பிறகு ஃபியூஸ். இவை சரியாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எந்தப் பாகம் கெட்டது என்று கேளுங்கள். "பிரஷ் மட்டும் போதுமா, கட்-அவுட்டும் மாத்தணுமா?" என்று கேட்பதில் வெட்கமே இல்லை.

போகும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால், டேப், மின்விசிறி போன்றவற்றை அணைத்து விட்டு பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். இடையில் இஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாமல் போகலாம். ஆனால் சூட்டு முள் ஏறினால் உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பல வண்டிகளில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்த நிலையில் ஓட்டினால் இஞ்சினே போய்விடும்.

உயிருக்கு முன்னால் எதுவும் பெரிதல்ல

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். சிறு தீப்பொறி பட்டாலும் அது வெடிக்கும். ஆகவே:
- பக்கத்தில் பீடி, தீக்குச்சி, விளக்கு கூடாது. மூடியைத் திறந்து பார்க்க டார்ச் மட்டும்.
- உலோக வளையல், மோதிரம் கழற்றி விடுங்கள். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக் கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் உலோகம் ஒரே நேரத்தில் தொட்டால் நெருப்பாகக் காய்ந்து சதையைச் சுட்டு விடும்.
- இஞ்சின் ஓடும்போது சேலைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. தலைப்பை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்து கொள்ளுங்கள்.
- கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.
- அமிலம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டி ஓடிக் கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "இஞ்சின் ஓடினா டைனமோ நல்லாருக்கு" என்று சோதிப்பார்கள். இதை அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் மின் அழுத்தம் எகிறி டயோடும், வண்டியின் கம்ப்யூட்டரும் கருகிப் போகலாம். மீட்டர் இருக்கும்போது இந்த விபரீதம் எதற்கு?

இன்னொரு வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதாக இருந்தால், அதுவும் 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். பெரிய லாரி, பஸ்களில் 24 வோல்ட் வரும். அதில் மாட்டக் கூடாது. சிவப்பு வயரை முதலில் இறங்கிய பேட்டரியின் கூட்டல் முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, அதன் மறுமுனையை நம் வண்டி இஞ்சினின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும் என்பதால்தான் இந்த முறை.

பேட்டரிக் கடையில் கவனிக்க வேண்டியவை

- வண்டிக்கு என்ன ஆம்பியர் அவர் அளவு சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். விலை குறைவு என்று சின்னது போட்டால் சீக்கிரம் போய்விடும்.
- தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். பல மாதம் கடையில் கிடந்த பேட்டரி வேண்டாம்.
- மாட்டும் முன் நம் மீட்டரில் பாருங்கள். 12.4-க்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.
- பில், வாரண்டி கார்டு இரண்டும் கேட்டு வாங்குங்கள். கார்டில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். கார்டில் 18+18 மாதம் என்று இருந்தால், பொதுவாக முதல் 18 மாதத்துக்குள் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவார்கள், அடுத்த 18 மாதத்துக்கு விலையில் ஒரு பகுதி தள்ளுபடி கிடைக்கும். நிபந்தனைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.
- பழைய பேட்டரியை கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக் கொள்ளுங்கள். அதில் உள்ள ஈயம் மீண்டும் பயன்படும். வீட்டில் உடைக்கவோ, அமிலத்தை வாய்க்காலில் கொட்டவோ கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரியை முறையாகத் திரும்பச் சேர்க்கவே சொல்கின்றன.
- வாரண்டி இருந்தும் மறுத்தால், பில்லைக் கையில் வைத்துக் கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

வருமுன் காப்போம்

மாதம் ஒருமுறை பேட்டரித் தண்ணீரைப் பாருங்கள். கோடை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. குறைந்தால் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் குறி வரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், மினரல் வாட்டர், அமிலம் எதுவும் வேண்டாம். டெர்மினலில் பூத்திருந்தால் வயரைக் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பேட்டரி ஆடாமல் கிளாம்ப் இறுக்கமாக இருக்கட்டும். மேடு பள்ளத்தில் குலுங்கினால் உள்ளே தகடுகள் உதிர்ந்து விடும்.

ஓட்டம் இல்லாத நாட்களிலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டி வாருங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறும விட்டால் போதாது. 2020 ஊரடங்கில் மாதக் கணக்கில் நின்ற வண்டிகளில் பேட்டரி படுத்துப் போனது பலருக்கு நினைவிருக்கும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கழித்தல் முனையைக் கழற்றி வையுங்கள்.

குழுவில் பேசுங்கள்

ஒரு கணக்குப் போடுவோம். பேட்டரி விலை 5,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வீணாக ஒன்று வாங்கி, மூன்று நாள் சவாரியும் போய், ஒரு நாளைக்கு 800 ரூபாய் வருமானம் போனால் நஷ்டம் 7,400 ரூபாய். பல குடும்பங்களுக்கு அது ஒரு மாதத் தவணை. மீட்டரின் விலை ஐந்நூறு ரூபாய்க்குள்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வண்டி உள்ள சகோதரியின் வீட்டு வாசலில் நின்று மூன்று சோதனைகளையும் எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள். வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டு, பேட்டரி வாங்கிய தேதி, வோல்ட் எண்கள், செய்த வேலை, கொடுத்த பணம் எல்லாம் எழுதுங்கள். சேமிப்பு நோட்டையும் கடன் நோட்டையும் பிழையில்லாமல் எழுதுகிற நமக்கு இது ஒரு பெரிய வேலையா என்ன?